தூர்ந்த கடலும் ஆற்றிடைக்குறையும்
அல்பீரூனியின் ஒரு வாசகத்தைத் திருவரங்கத்தில் வைத்துப் படித்தல்

நம் பருவ இதழ்களிலும் மீலாது மலர்களிலும் 'முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பு' எனும் தலைப்பில் ஒரு கட்டுரையேனும் வெளிவராத ஆண்டு இல்லை. அக்கட்டுரையில் நிலவியலுக்கென்று ஒரு பத்தி இருக்கும். அப்பத்தியில் அபூ ரைஹான் அல்பீரூனி இருப்பார். இந்தியா முற்காலத்தில் கடலாக இருந்தது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டறிந்தார் என்று ஒரு வரி இருக்கும். அடுத்த பத்தியில் மருத்துவம் தொடங்கிவிடும். நாமும் அந்த வரியைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். ஓரிரு மலர்களில் எழுதியும் இருக்கிறோம். ஆகவே இக்கட்டுரையில் வரும் குறைகூறல் முதலில் நம்மையே சாரும்.

சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவர்களுடன் கிதாபுல் ஹிந்தின் 18ஆம் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். திருவானைக்காவலில் வளர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, "உஸ்தாத், எங்கள் ஊரும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே மணல்மேல்தான் இருக்கிறது. அப்படியானால் அதுவும் கடலாக இருந்ததா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை தெரிந்தது. கடல் தூர்ந்து நிலமான இடத்தில் இத்துணைப் பெரிய பாறை எப்படி நிற்கும் என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது. அன்று அவருக்குச் சொல்லாமல் விட்ட மறுமொழியை இங்கே எழுத முயல்கிறோம்.

முதலில் வாசகத்தைப் பார்ப்போம். இந்தியாவின் நிலத்தைக் கண்ணால் கண்டு சிந்திப்பவருக்கு அல்பீரூனி மூன்று செய்திகளை எடுத்துக்காட்டுகிறார். எவ்வளவு ஆழம் தோண்டினாலும் உருண்டு வழவழப்பான கற்கள் கிடைக்கின்றன என்பது ஒன்று. மலைக்கு அருகில், நீர் விசையோடு ஓடும் இடத்தில் அக்கற்கள் பெரியவை; மலையை விட்டு விலகி, நீரோட்டம் தளரும் இடத்தில் சிறியவை என்பது இரண்டாவது. நீர் தேங்கிக் கடலை நெருங்கும் இடத்தில் அவை மணலாகிவிடுகின்றன என்பது மூன்றாவது. இவற்றைக் கண்டவர், அந்நாடு பழங்காலத்தில் கடலாக இருந்து வெள்ளங்கள் சுமந்து வந்தவற்றால் தூர்ந்தது என்றல்லாமல் வேறுவிதமாக நினைத்துப் பார்ப்பது அரிது என முடிக்கிறார். ஏறத்தாழ கி.பி. 1030இல் எழுதப்பட்ட நூலில் இப்படியொரு வாசகம் இருப்பது வியப்புக்குரியதே. ஆனால் வியந்து நின்றுவிடுவது வாசிப்பாகாது.

இதில் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும். கற்களுக்கு அவர் இடும் அடைமொழி 'முதம்லகா'. உருட்டப்பட்டு வழவழப்பாக்கப்பட்டது என்பது அதன் பொருள். கல் தானே உருண்டையாகப் பிறக்கவில்லை, ஏதோ ஒன்று அதை உருட்டியது என்ற முடிவு அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நம் 'கூழாங்கல்' அழகான சொல்தான். ஆனால் அந்த வரலாற்றை அது சொல்வதில்லை. அடுத்தது, நிரம்பியது என்பதற்கு அவர் ஆளும் வினை. அது 'கபஸ' எனும் மூலத்திலிருந்து வருகிறது. கிணற்றை மண் போட்டு மூடுவதற்கு அரபியர் ஆளும் வினை அது. தமிழில் இதற்கு நேரான சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது: தூர்த்தல். 'நிரப்பப்பட்டது' என்று மொழிபெயர்ப்பவர்கள் ஏனோ அதை விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது 'ஸுயூல்'. இது ஆறுகளைக் குறிக்கும் சொல்லன்று, வெள்ளங்களைக் குறிப்பது. எட்வர்ட் ஸகாவ் 1887இல் அரபு மூலத்தையும் 1888இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். அவர் உழைப்புக்கு நாம் அனைவரும் கடன்பட்டவர்கள். ஆயினும் இவ்விடத்தில் அவர் 'நீரோட்டங்களின் வண்டல்' என்ற பொருள்பட எழுதிவிட்டார். அன்றாடம் ஓடும் நீருக்கும் வெள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு அதில் மறைந்துபோயிற்று. நிலத்தை ஆக்குவது நாள்தோறும் ஓடும் நீரைவிட, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரைபுரண்டு வரும் வெள்ளம் என்பது மூலத்தில் இருக்கும் நுட்பம்.

நாலாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அது இலக்கணம் பற்றியது. அல்பீரூனி 'கடலாக இருந்தது' என்று அறுதியிட்டுக் கூறவில்லை. 'லம் தகத்' எனத் தொடங்கும் அந்த அமைப்பு, வேறாக எண்ணுவது கடினம் என்ற அளவில் நின்றுகொள்கிறது. ஸகாவ் இதைக் காப்பாற்றியிருக்கிறார். நம் கட்டுரையாளர்களோ 'கண்டறிந்தார்', 'நிறுவினார்' என்று எழுதுகிறார்கள். ஓர் அறிஞர் எந்த அளவுக்குத் தம் உறுதியை எல்லைப்படுத்திக்கொண்டாரோ, அந்த எல்லையை அவரைப் புகழ்பவர்களே அழித்துவிடுகிறார்கள்.

இனி அந்த மாணவரின் ஊருக்கு வருவோம்.

தீவுக்கு அரபியில் 'ஜஸீரா' என்று பெயர். அதன் மூலமான 'ஜஸர' என்பதற்கு வெட்டுதல் என்றும், நீர் வற்றி விலகுதல் என்றும் இரு பொருள்கள் உண்டு. கசாப்புக்காரரை 'ஜஸ்ஸார்' என்பதும் கடல் வற்றத்தை 'ஜஸ்ர்' என்பதும் இதிலிருந்தே. கடல் சூழ்ந்த நிலத்துக்கு மட்டுமல்லாமல், தஜ்லாவுக்கும் ஃபுராத்துக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பையும் அரபியர் 'அல்ஜஸீரா' என்றே அழைத்தனர். தமிழில் ஆற்று நடுவே உள்ள நிலத்துக்கு 'ஆற்றிடைக்குறை' என்று பெயர். குறைத்தல் என்றால் வெட்டுதல். துருத்தி என்றும் அரங்கம் என்றும் வேறு பெயர்களும் உள்ளன. திருவரங்கம் தன் பெயரிலேயே தான் இன்ன வகை நிலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் தீவை 'வெட்டப்பட்டது' என்று ஒரே கண்ணால் பார்த்திருப்பது நம்மைப் போன்ற மொழியாசிரியர்களுக்குத் தனி இன்பம் தருவது. அதைச் சொல்லாமல் கடந்துபோக இயலவில்லை.

ஆனால் மொழி சொல்வதெல்லாம் நிலவியலுக்குப் பொருந்திவிடாது. திருவரங்கம் வெட்டப்பட்ட நிலமன்று. இட்டு உண்டான நிலம். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடும் காவிரி, தன் வழியில் பல தீவுகளைச் சூழ்ந்து செல்கிறது. அவற்றுள் மூன்று அரங்கனின் பெயரால் வழங்குகின்றன. திப்பு சுல்தான் 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணம் முதலாவது, சிவசமுத்திரம் இடையது, நம் திருவரங்கம் கடையது. மேலே உள்ள இரண்டும் கடும்பாறைப் படுகையில் அமைந்தவை. அங்கே ஆறு, அசையாத பாறையை இருபுறமும் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. அவைதாம் உண்மையில் ஜஸீரா, வெட்டுண்டவை. திருவரங்கத்திலோ ஆறே கொண்டுவந்து போட்ட மணல்மீது ஊர் நிற்கிறது. ஒரே ஆறு, ஒரே பெயர். ஆயினும் முன்னவை ஆறு அரித்ததில் எஞ்சியவை, பின்னது ஆறு இறக்கி வைத்தது.

ஏன் இங்கே இறக்கி வைத்தது? அல்பீரூனியின் இரண்டாம் செய்தி விடை தருகிறது. ஒகேனக்கல்லில் பாறைகளை அரைத்துக்கொண்டு விழும் நீர், பவானி, நொய்யல், அமராவதி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு கரூரைத் தாண்டியதும் விரிந்து பரவுகிறது. மாயனூர், குளித்தலைப் பகுதியில் அதை 'அகண்ட காவிரி' என்றே மக்கள் சொல்வார்கள். சரிவு குறைகிறது, விசை தளர்கிறது, சுமை இறங்குகிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி என ஓடி, சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே கல்லணையருகில் மறுபடி நெருங்குகின்றது. இடையில் கிடப்பதே தீவு. அங்கே கிணறு தோண்டுவோர் காண்பது மணலும் வண்டலும்தான். குடகில் பெருங்கல்லாக இருந்தது இங்கே மணலாயிற்று என்ற அளவில் அல்பீரூனியின் விதி காவிரியில் எழுத்துக்கு எழுத்துப் பலிக்கிறது. அவர் தமிழகத்தைக் கண்டதில்லை. வடமேற்கிந்தியாவில் நின்றே இதைச் சொன்னார் என்பதை நினைக்கும்போது மதிப்புக் கூடுகிறது.

பலிக்காதது முடிவுரை. மணல் இருப்பதால் கடல் இருந்தது என்று திருவரங்கத்தில் சொல்ல வழியில்லை. காவிரியின் தென்கரையில் 83 மீட்டர் உயரத்துக்கு மலைக்கோட்டைப் பாறை நிற்கிறது. பொன்மலையும் இன்னும் சில குன்றுகளும் அதைச் சுற்றி ஆங்காங்கே தலைதூக்கி நிற்கின்றன. இவையெல்லாம் கீழே பரந்துகிடக்கும் ஒரு பழம்பாறைத் தளத்தின் முகடுகள். தீவின் மணல் அத்தளத்தின்மேல் பிற்காலத்தில் விரிக்கப்பட்ட பாய் போன்றது. தூர்க்கப்பட்டது கடலன்று, ஆற்றின் பள்ளத்தாக்கு. கங்கைச் சமவெளியைக் குறித்தும் இன்றைய அறிவு இதையொத்த திருத்தத்தையே சொல்கிறது. இமயம் எழுந்தபோது அதன் பாரத்தால் முன்னே வளைந்து தாழ்ந்த நிலத்தொட்டியை, ஆறுகள் கொணர்ந்த மண் நிரப்பியது என்பார்கள். நிரப்பியது வெள்ளம் என்பதில் அல்பீரூனி சரி. நிரம்பிய பள்ளம் கடல் என்பதில் அவர் அவசரப்பட்டார். நிலம் தாழவும் கூடும் என்ற எண்ணம் அவ்வாசகத்தில் இல்லை.

இதைச் சொல்வதால் அந்தப் பெருமகனாரின் புகழ் குறைந்துவிடுமோ என்று அஞ்சுவோர் அவருடைய மற்றொரு நூலைத் திறந்து பார்க்க வேண்டும். 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' எனும் அந்நூல் ஹிஜ்ரீ 416, அதாவது கி.பி. 1025இல் முற்றுப்பெற்றது. நகரங்களின் இருப்பிடத்தை அளந்து, கிப்லாவின் திசையைக் கணிப்பதே அதன் நோக்கம். புல்காகோவ் 1962இல் மூலத்தைப் பதிப்பித்தார். ஜமீல் அலீ 1967இல் ஆங்கிலத்தில் தந்தார். நம் அரபிக் கல்லூரிகளில் இந்நூலைக் கண்டவர் அரிது. மேற்கோள் காட்டுபவர் அதனினும் அரிது. அதன் தொடக்கப் பகுதியில் கடல் நிலமாவதும் நிலம் கடலாவதும் பேசப்படுகின்றன. அரபுப் பாலை ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று அங்கும் சொல்கிறார். ஆனால் எப்படிச் சொல்கிறார்? கிணறும் குளமும் தோண்டும்போது மண், மணல், பரல் என அடுக்கடுக்காக வெளிப்படுவதைக் காட்டுகிறார். அங்கே கிடைக்கும் கற்களை உடைத்தால் சிப்பிகளும் சோழிகளும் 'மீன் செவிகள்' எனப்படுபவையும் உள்ளே இருப்பதைக் காட்டுகிறார். சில இடங்களில் சிப்பி மக்கிப்போய், அதன் வடிவம் மட்டும் கல்லில் குழியாக எஞ்சியிருப்பதையும் விடவில்லை. ஜைஹூன் நதி தன் போக்கை மாற்றிக்கொண்ட கதையும் அங்குதான் வருகிறது.

ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புலப்படும். ஹிந்தின் வாசகம் தனியொருவர் வழி வந்த செய்தி போன்றது. நம்பத்தக்கதுதான், ஆனால் துணைச் சான்று இல்லை. தஹ்தீதின் வாசகத்துக்கு 'ஷாஹித்' உண்டு. மணல் ஆற்றிலும் வரும், கடலிலும் வரும். கடற்சிப்பி கடலில் மட்டுமே வரும். ஐந்தாண்டுகள் முந்திய நூல் வாதத்தில் வலுவானதாகவும், பிந்திய நூல் சொல்லில் அழகானதாகவும் அமைந்துவிட்டன. நாமோ அழகானதை எடுத்துக்கொண்டு வலுவானதை அலமாரியில் விட்டுவிட்டோம்.

தஹ்தீதின் அளவுகோலைத் திருச்சிச் சீமையில் வைத்துப் பார்ப்பதற்கு அரபுப் பாலைக்குப் போக வேண்டியதில்லை. பழைய திருச்சி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியாக இருந்து இன்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் நிலத்துக்குப் போனால் போதும். காரை, கருடமங்கலம், அரியலூர் வட்டாரங்களில் கல்லை உடைத்தால் சுருள் வடிவச் சிப்பிகளும் இருமூடிச் சிப்பிகளும் கடல் நத்தைகளும் வெளிப்படுகின்றன. 1840களில் ஆங்கில அலுவலர்கள் சிலர் இவற்றைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினர். ஹென்றி பிளான்ஃபோர்டு 1857 முதல் இப்பகுதியை அளந்து, பாறையடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வகுத்தார். உலக நிலவியலார் இன்றும் அப்பெயர்களை ஆள்கிறார்கள். சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது; 12 கோடி ஆண்டுப் பழமை உடையது என்பர். நிலவியலார் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை வெளியுலகுக்கு அறிவித்தார். கடலுக்குள் அடித்துவரப்பட்டுப் புதையுண்ட மரம் அது.

இந்தக் கடலின் வரலாறு நம் துணைக்கண்டத்தின் வரலாறே. ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு ஒட்டியிருந்த கோண்டுவானாப் பெருநிலம் உடைந்து, இந்தியாவின் கீழைக்கரை பிரிந்தபோது, விரிசலுற்றுத் தாழ்ந்த காவிரிப் படுகைக்குள் கடல் புகுந்தது. அரியலூர்ச் சிப்பிகள் பெரும்பாலும் 10 கோடி ஆண்டுகளுக்கும் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்டவை. அக்காலத்தில் இந்தியாவே நாற்புறமும் நீர் சூழ வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஆசியாவின்மீது அது மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன. ஆக, 'இங்கே கடல் இருந்ததா' என்ற மாணவரின் கேள்விக்கு விடை: அரியலூரில் இருந்தது, திருவரங்கத்து மணல் அதற்குச் சான்றாகாது. காவிரி மணலில் சிப்பி கிடைக்கிறதே என்று அவர் பிறகொரு நாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அது நன்னீரில் வாழும் ஆற்றுச் சிப்பி. சாட்சி வந்தால் மட்டும் போதாது, அவர் எந்த ஊர்க்காரர் என்றும் விசாரிக்க வேண்டுமல்லவா!

அரியலூர்க் கடற்சிப்பிச் சுண்ணாம்புதான் இன்று சிமெண்டாகி, காவிரி மணலோடு குழைந்து, திருவரங்கத்தில் அடுக்குமாடிகளாக எழும்புகிறது என்பது இடையே சொல்லத்தக்க செய்தி.

மலைக்கோட்டைக்கு வருவோம். அதைப் பற்றி எழுதுவோரிடம் ஓர் எண் மாறாமல் இருக்கிறது: 380 கோடி ஆண்டுகள். சுற்றுலாக் கையேடுகள் தொடங்கிப் பள்ளி ஆண்டு மலர்கள்வரை இது பரவியிருக்கிறது. கூடவே, 'இமயமலையைவிட மூத்தது' என்ற பெருமிதமும் வரும். அந்த ஒப்பீடு பொருளற்றது. தென்னகத்தில் எந்தக் கருங்கல் குன்றைச் சுட்டினாலும் அது இமயத்தைவிட மூத்ததாகவே இருக்கும். எண்ணோ ஆராயத்தக்கது. உலகில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய பாறைகள் கனடாவின் வடமேற்கில் உள்ளவை. அவற்றுக்கு ஏறக்குறைய 400 கோடி ஆண்டு. கிரீன்லாந்தின் இசுவாப் பாறைகளுக்கு 370 முதல் 380 கோடி. மலைக்கோட்டைக்கு அந்த வயது உண்மையானால், உலக நிலவியல் நூல்கள் அனைத்திலும் திருச்சியின் பெயர் இசுவாவுக்கு அருகில் இடம்பெற்றிருக்க வேண்டும். அப்படி இடம்பெறவில்லை. இவ்வட்டாரப் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவ்வுருமாற்றங்களுள் பெரியதொன்று, கோண்டுவானா ஒன்றிணைந்த ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காலத்தில் நிகழ்ந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. பாறையின் வயது என்று எதைச் சொல்வது, முதற்பொருள் தோன்றிய காலத்தையா, கடைசியாக உருமாறிய காலத்தையா, தரைக்கு மேல் தலைகாட்டிய காலத்தையா என்பதும் ஒரு கேள்வி. கையேட்டு ஆசிரியர் எவரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பாறை ஏன் நிற்கிறது என்பதற்கு இப்னு ஸீனாவிடம் செல்லலாம். கிதாபுஷ் ஷிஃபாவில் மலைகள் தோன்ற இரு வழிகளைச் சொல்கிறார். நிலநடுக்கம் போன்ற பேராற்றலால் நிலம் எழுவது ஒன்று. காற்றும் நீரும் மென்மையானதை அரித்துப் பள்ளமாக்க, கடினமானது எஞ்சி உயர்ந்து நிற்பது மற்றொன்று. மலைக்கோட்டை இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு. அது நிலத்திலிருந்து எழுந்ததன்று. சுற்றியிருந்த நிலம் இறங்கியதால் தங்கியது. இத்தகைய குன்றை ஜெர்மானியர் 'தீவுமலை' எனும் பொருள்பட அழைப்பது பொருத்தமே. காவிரியின் ஒரு கரையில் அள்ளிச் சென்றதால் உண்டான தீவு. மறுகரையில் கொண்டுவந்து போட்டதால் உண்டான தீவு. இரண்டுக்கும் நடுவே பாலத்தைக் கடக்கச் சில நிமிடங்களே ஆகின்றன.

இப்னு ஸீனாவின் அப்பகுதியை ஸரேஷல் ஊர் ஆல்ஃப்ரெட் என்பவர் ஏறத்தாழ கி.பி. 1200இல் லத்தீனில் பெயர்த்து அரிஸ்டாட்டிலின் நூலோடு சேர்த்துவிட்டதால், ஐரோப்பா அதை நெடுங்காலம் அரிஸ்டாட்டிலுடையது என்றே படித்தது. இந்த அநீதியை நம்மவர் அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே பகுதியில் இப்னு ஸீனா தம் சிறுவயதில் ஜைஹூன் கரையில் தலைகழுவப் பயன்பட்ட களிமண்ணைக் கண்டதையும், சுமார் 23 ஆண்டுகளுக்குப் பின் அது மென்கல்லாக இறுகியிருந்ததையும் எழுதியிருக்கிறார். கூர்ந்து நோக்கும் ஒரு பிள்ளையின் கண் அது. இதை மேற்கோள் காட்டுவோரைக் காணோம். பெருமை பேச உதவாத செய்தி என்று விட்டுவிட்டார்கள் போலும். அவரிடமும் குறை உண்டு. களிமண் இறுகியும் நீரில் கரைந்தது படிந்தும் கல் உண்டாகிறது என்ற அவர் கருத்து அரியலூருக்குப் பொருந்தும். நெருப்பின் ஆழத்தில் வெந்த மலைக்கோட்டைக்குப் பொருந்தாது.

காலக்கணக்கில் இவர்கள் காட்டிய அடக்கத்தைக் கவனியுங்கள். உலகம் படைக்கப்பட்டது, அதற்குத் தொடக்கமுண்டு என்பதில் அல்பீரூனிக்கு ஐயமில்லை. ஆயினும் வழவழப்பான பல நிறக் கற்கள் களிமண்ணோடும் மணலோடும் இறுகி மலையாகியிருப்பதைக் காட்டி, இத்தகைய மாற்றங்களுக்கு மிக நீண்ட காலம் தேவை என்று தஹ்தீதில் எழுதுகிறார். எத்தனை ஆண்டு என்று ஓர் எண்ணையும் அவர் தரவில்லை. அளக்கக் கருவி இல்லாதபோது எண் சொல்லாதிருப்பது அறிவு. நமக்குக் கருவிகள் கிடைத்துவிட்டன. அளந்தவர் யார் என்று கேட்காமலே எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

மலைகளைக் குறித்த இறைவசனங்களை நிலவியலோடு பொருத்திக் காட்டும் போக்கையும் இங்கே தொடாமல் இருக்க முடியாது. தன்தாவீ ஜவ்ஹரீ (இறப்பு 1940) தம் விரிவுரையில் தொடங்கி வைத்ததையும், மோரிஸ் புக்காய் 1976இல் எழுதிய நூலுக்குப் பின் அது வெள்ளமாகப் பெருகியதையும் அறிவோம். கிரானடாவின் இமாம் ஷாதிபீ (இறப்பு ஹி. 790) முவாஃபகாத்தில் இதற்கு எதிராகக் கூறியதே நமக்கு ஏற்புடையது. நிலவியல் கோட்பாடு தன்னைத் திருத்திக்கொண்டே செல்வது. இன்றைய கோட்பாட்டின்மேல் வசனத்தை ஏற்றி வைத்தால், நாளை கோட்பாடு சரியும்போது வசனத்தை எங்கே வைப்பது? அல்பீரூனியும் தம் கடல் வாதத்தைக் கல்லின்மேல்தான் நிறுத்தினார்.

இத்தனை சொற்போரும் புத்தகத்துக்குள் முடிந்துவிடும் செய்தியாக இருந்தால் நாம் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். 'வெள்ளங்களின் சுமைகள்' என்று அல்பீரூனி சொன்னவை இன்று தீவுக்கு எவ்வாறு வருகின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

தீவின் இரு முனைகளிலும் மனிதன் கை வைத்து வெகுகாலம் ஆயிற்று. கிழக்கு முனையில், காவிரி நீர் தாழ்ந்து கிடக்கும் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் காக்கும் கல்லணை கரிகாலனுடையது என்பது வழக்கு. மேற்கு முனையில், கொள்ளிடம் ஆழமாகி நீரையெல்லாம் இழுத்துக்கொள்ள, காவிரி மணல்மேடிட்டுத் தஞ்சை வறண்டபோது, ஆர்தர் காட்டன் 1836இல் மேலணையைக் கட்டி முடித்தார். அடி காணாத மணலில் அடித்தளம் இடும் வித்தையைப் பழைய கல்லணையிடமிருந்தே கற்றதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்றுமுதல் காவிரி பாசனத்துக்கு, கொள்ளிடம் வெள்ளத்துக்கு என்று வேலை பிரிந்தது. 'வெள்ளத்தைக் கொள்ளும் இடம்' என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வோரும் உண்டு. அல்பீரூனியின் மொழியில் சொன்னால் அதுவே 'ஸுயூல்' ஓடும் கை. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் மேலிருந்து வரும் சுமையின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. வெள்ளம் வருகிறது, சுமை வருவதில்லை. கீழே இருப்பதையோ நாம் இயந்திரம் வைத்து அள்ளினோம்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கருநாடக அணைகள் நிரம்பி, மேட்டூரும் நிரம்பி, கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. 1928இல் கட்டப்பட்டு, அப்போது போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 182 ஆண்டு முதுமை என்றனர் சிலர். அடியில் மணல் போய்விட்டது என்றனர் பலர். இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது நம் எண்ணம். சுமை ஏற்றாத வெள்ளம் தன் பசியைப் படுகையிலேயே தீர்த்துக்கொள்ளும். இட்டு உண்டாக்கிய நீரே எடுத்துக்கொள்ளவும் செய்யும். பாறையின்மேல் அமர்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இந்தக் கவலை இல்லை. மணலின்மேல் அமர்ந்த திருவரங்கத்துக்கு உண்டு. அத்தீவில் கோவிலும் பள்ளிவாசலும் வீடுகளும் வாழைத்தோப்புகளும் ஒரே மணலின்மேல்தான் நிற்கின்றன.

அவ்வெள்ளம் வடிந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அதே மாணவர்களை அழைத்துக்கொண்டு கொள்ளிடக் கரைக்குச் சென்றோம். 18ஆம் அத்தியாயத்தின் அந்தப் பத்தியை ஒருவர் அரபியில் உரக்கப் படித்தார். 'எவ்வளவு ஆழம் தோண்டினாலும்' என்ற இடம் வந்தபோது, திருவானைக்காவல் மாணவர் தொலைவில் சரிந்து கிடந்த தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆண்டுமுதல் அப்பத்தியோடு தஹ்தீதின் முதற்பகுதியையும் சேர்த்தே பாடம் நடத்துகிறோம். அரியலூருக்கு ஒரு நாள் போய்வருவதும் பாடத்தில் உண்டு.